புரியவில்லை என்று சொல்லாதே

வெண்ணிலா என்ற பெண்ணைப் பற்றி, ஜப்பானில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் பொய் எழுதிக் கொடுத்தேன். மாணவியைப் பற்றி ஆசிரியர் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவம் அது. பதினோரு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: "சொன்னது புரியாதபோது, புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்கிறாரா?" நேரே 'எப்போதும்' என்ற கட்டத்தில் வட்டம் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் என் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பழக்கம் அவளிடம் நிறையவே இருந்தது. அதை ஒழித்தவன் நான். ஒழித்த பிறகு, இருக்கிறது என்று எழுதினேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. கும்பகோணத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளம் ஆசிரியர் போன மாதம் பேசினார்.

"சார், உங்க அறுபது கேள்வி நோட்டு இருக்குல்ல, அதுல நாப்பத்தோராவது பக்கம் ஜெராக்ஸ்ல சரியா விழல. உங்ககிட்ட ஒரிஜினல் இருக்குமா சார்?"

"அந்த நோட்டை வெச்சுப் பாடம் நடத்தாதீங்க தம்பி. அது தப்பு."

"தப்பா? அதுலதான் சார் எங்க பசங்க எல்லாம் இன்டர்வியூ தாண்டுறாங்க!" என்று சிரித்தார். "சார், நீங்க ரொம்ப அடக்கம்."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் சும்மா இருக்க முடியாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கம் ஒரு நடுத்தர விவசாயக் குடும்பம். பட்டப்படிப்பு முடித்துச் சென்னைக்குப் போய், ஜப்பானியக் கூட்டு முயற்சியில் நடந்த ஓர் இயந்திர பாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் எழுத்தராகச் சேர்ந்தேன். வந்திறங்கும் பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் மாலை நேர வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வருடம் வகுப்பு, அதற்குப் பின் கேசட்டும் அகராதியும். மின்சார ரயிலில் நின்றுகொண்டே தினம் ஐந்து எழுத்து. ஒரு கட்டத்தில் தொழிற்சாலை என்னை மொழிபெயர்ப்பாளராக ஆக்கிக்கொண்டது. இருபத்து நான்கு வருடம் அங்கே இருந்தேன்.

அந்த வருடங்களில் நான் கற்ற ஜப்பானிய மொழியில் பாதிக்கு மேல் ஒகுமுரா என்ற மேலாளரிடம் கற்றது. குள்ளமான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு தொழிலாளிக்கு ஏதாவது உத்தரவு சொல்ல வேண்டுமானால் முதலில் தொப்பியைக் கழற்றிக் கை இடுக்கில் வைத்துக்கொள்வார். இரண்டு மூன்று சிறிய வாக்கியங்களாகச் சொல்வார். நான் தமிழில் சொல்லுவேன். தொழிலாளி "சரி சார்" என்று தலையாட்டுவான். வேறு யாராக இருந்தாலும் அத்துடன் நகர்ந்துவிடுவார்கள். ஒகுமுரா நகர மாட்டார். "இப்போது நீ என்ன செய்யப் போகிறாய், எனக்குச் சொல்" என்று கேட்டுவிட்டு நிற்பார். அவன் சொல்லி முடிக்கும் வரை தொப்பி தலைக்குப் போகாது.

ஒருமுறை மன்னார்குடிக்காரர் ஒருவர், ஃபிட்டர், வெட்கப்பட்டுக்கொண்டு, "புரியலைன்னு சொல்லுங்க சார், என்ன சொன்னாருன்னே வெளங்கல" என்றார். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். ஒகுமுரா அந்த ஃபிட்டருக்குத் தலை குனிந்து நன்றி சொன்னார். "சரியாகச் சொல்ல வேண்டிய வேலை இப்போது என்னுடையது" என்றார். ஃபிட்டர் என் பக்கம் திரும்பி, "என்ன சார், திட்டுறாரா கும்புடுறாரா?" என்று கேட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தவற்றைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. எது சரி என்று இருபத்து நான்கு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

ஓய்வு பெற்றுத் தஞ்சாவூருக்கு வந்து வீடு எடுத்தோம். அந்தச் சமயத்தில் ஜப்பானில் முதியோரைப் பராமரிக்க ஆள் தேவை என்று செய்தி வரத் தொடங்கியது. செல்வம் என்ற இளைஞர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சிமென்ட் கடைக்கு மேல் மாடியில், பயிற்சி மையம் ஆரம்பித்தார். நான் ஆசிரியர். வருபவர்கள் பெரும்பாலும் நர்சிங் டிப்ளமோ முடித்த பெண்கள். பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று கீழைப் பக்கத்திலிருந்து வருவார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மதியத்துக்குக் கட்டிவந்த சோற்றை வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் அணியை நான் ஒகுமுரா பாணியில்தான் தயார் செய்தேன். அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய மொழி: கடையில் கேட்பது, மருத்துவரிடம் சொல்வது, வழி விசாரிப்பது. புரியாவிட்டால் "வகாரிமசென்" என்று சொல்ல வேண்டும், 'புரியவில்லை' என்று பொருள், அப்படிச் சொல்வதில் வெட்கமில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். மடிக்கணினி வழியாக நேர்காணல் நடந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் என் சொல்லை நம்பி, புரியாத இடத்தில் புரியவில்லை என்றார்கள். அந்த மூன்று பேரும் தேர்வாகவில்லை. 'உரையாடல் திறன் குறைவு' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

செல்வம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சார், நீங்க பெரியவரு. நான் சொல்லக் கூடாது. ஆனா அந்தப் புள்ளைங்க வீட்டுல போயி என்ன சொல்லும்? புரியலைன்னு சொல்லச் சொன்னாரு வாத்தியாருன்னா?"

"புரியாம தலையாட்டிட்டு அங்க போனா கஷ்டம் செல்வம்."

"அங்க போனாத்தானே சார் கஷ்டம். மொதல்ல போகணும்ல. அங்க போயி ஒரு மாசத்துல காதுல விழுந்து விழுந்து தானா வந்துரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. என் மாணவிகள் தோற்பது எனக்கும் பிடிக்கவில்லை. அந்தக் கோடையில் உட்கார்ந்து நேர்காணலில் வழக்கமாக வரும் கேள்விகளைத் திரட்டி அறுபது கேள்வி, அறுபது பதில் என்று ஒரு நோட்டு தயாரித்தேன். பதில்களைத் தமிழ் எழுத்திலும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு விதி: 'கேள்வி எதுவும் புரியாவிட்டால், சிரித்த முகத்துடன் தலை குனிந்து, "ஹை, வகாரிமஷ்தா. கன்பாரிமஸ்" என்று சொல்லவும்.' புரிந்தது, முயற்சி செய்து உழைப்பேன் என்று அர்த்தம். வகுப்பிலும் ஒரு சட்டம் போட்டேன். யாராவது 'வகாரிமசென்' என்று சொன்னால் அன்றைக்குச் சாயங்காலம் வரை நின்றுகொண்டு பாடம் கேட்க வேண்டும்.

நேர்காணல்களில் என் மாணவிகள் தேர்வாக ஆரம்பித்தார்கள். மையத்தின் ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெற்றோர்கள் காலில் விழுந்தார்கள். நான் விழ வேண்டாம் என்று தடுப்பேன், ஆனால் கொஞ்சம் தாமதமாகத் தடுப்பேன்.

வெண்ணிலா அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் வந்தாள். வேதாரண்யத்துக்கு அருகே ஒரு கிராமம். அப்பா உப்பளத்தில் வேலை. அம்மா காளியம்மாள் நூறு நாள் வேலைக்கும் நடவு நாட்களில் மேற்கே உள்ள வயல்களுக்கும் போகிறவர். முதல் தலைமுறையாகப் படித்த பெண். வகுப்பில் அவளைப் போலக் கேள்வி கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

"சார், இந்த எழுத்துக்கு ஏன் சார் ரெண்டு உச்சரிப்பு?"

"சார், பெரியவங்ககிட்ட ஒரு மாதிரி, சின்னவங்ககிட்ட ஒரு மாதிரி பேசணும்னா, நமக்கு வயசு தெரியாதவங்ககிட்ட எப்படி சார்?"

"சார், இது வெளங்கல சார். இன்னொரு தடவ."

மற்ற பெண்கள் அவளுக்கு 'இன்னொரு தடவ' என்றே பெயர் வைத்திருந்தார்கள். சட்டப்படி அவளை நிற்க வைத்தேன். முதல் வாரத்தில் மூன்று நாள் நின்றாள். நின்றுகொண்டே, "சார், நின்னாலும் வெளங்கல சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க அப்பா உப்பு வாரிப் படிக்க வைக்கிறாரு. உனக்கு அங்க போகணுமா, இல்ல இங்கயே நின்னுக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரே மாதத்தில் அறுபது பதில்களையும் மனப்பாடம் செய்தாள். எதைச் சொன்னாலும் சிரித்த முகத்துடன், ஹை, வகாரிமஷ்தா, கன்பாரிமஸ். நேர்காணலில் அவள்தான் முதலிடம். பிறகு அந்தப் படிவம் வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது என் பேனா நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாமே தெரிந்தது. இருந்தும் வட்டம் போட்டேன்.

அவள் போய் ஏழு மாதம் கழித்து, செல்வம் என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். "வெண்ணிலா வேலைய வுட்டுட்டு வந்துடுச்சு சார். ஒரு பெரியவருக்குக் குடுக்கக் கூடாதத குடுத்து, அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாராம். கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்டுல எழுதி அனுப்பியிருக்காங்க. நம்ம பேரு போச்சு."

அன்றே வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். "பாத்துக்கங்க. அங்க போயி போனை நோண்டிக்கிட்டு அஜாக்கிரதையா இருந்தா இதுதான் கதி." நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்த பலகையைத் திரும்பவும் துடைத்தேன். அவள் அஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்ன நடந்திருக்கும் என்பதும் ஓரளவு தெரியும். வாயைத் திறக்கவில்லை. படிவத்தில் போட்ட வட்டம் முதல் தவறு என்றால், இந்த மௌனம் இரண்டாவது. எட்டு மாதம் அப்படியே இருந்தேன்.

எட்டாவது மாதம் காளியம்மாள் மையத்துக்கு வந்தார். மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் மையத்தில் இருந்தன, அவற்றை வாங்க வந்திருந்தார். வாங்கிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்து என் மேசைக்கு முன் நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"எம்பொண்ணு கவனமில்லாதவன்னு எழுதியிருக்காங்களாம். சின்னப் புள்ளையிலேருந்து அவ அப்பிடி கெடையாது சார். வரப்புல நடந்தாக்கூட தூக்குச் சட்டியில ஒரு சொட்டு சிந்த மாட்டா. எங்க ஊர்ல கேட்டா பெத்தவ அப்பிடித்தான் சொல்லுவான்னுவாங்க. நீங்க பாடம் சொல்லிக் குடுத்தவரு. நீங்க சொல்லுங்க. அவ அப்பிடிப்பட்டவளா?"

"இல்லம்மா" என்றேன்.

"அத எழுதித் தருவீங்களா சார்?"

நான் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று இறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வேதாரண்யம் பஸ்ஸில் ஏறினேன். திருத்துறைப்பூண்டி தாண்டும் வரை என்ன பேசுவது என்று யோசித்தேன். அதற்குப் பிறகு யோசிக்கவும் முடியவில்லை.

புயலுக்குப் பின் கட்டிய சிறிய வீடு. வெண்ணிலா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் தலை குனிந்து வணங்கினாள். பிறகு கூச்சப்பட்டவள்போல் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க சார். அம்மா, சார் வந்திருக்காரு."

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே படிவத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாவது கேள்வி என்ன, நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். காளியம்மாள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வெண்ணிலா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

"காலையில எல்லாரும் அரைவட்டமா நிப்போம் சார். ராத்திரி டூட்டி பாத்தவங்க நோட்டைப் பாத்து வேகமா படிப்பாங்க. யாரு தூங்கல, யாருக்கு சொரம், யாருக்கு மருந்து மாறியிருக்கு. எல்லாம் கால் மணி நேரந்தான். பாதி வெளங்காது. அன்னிக்கு அந்தத் தாத்தா பேரு வந்துச்சு, டீன்னு வந்துச்சு. மத்தது ஒண்ணும் வெளங்கல. சீஃப் என்னயப் பாத்து, வெளங்குச்சான்னு கேட்டாங்க."

"நீ..."

"சிரிச்சுக்கிட்டே சொன்னேன் சார். ஹை, வகாரிமஷ்தா. கன்பாரிமஸ்."

தொண்டை பலவீனமான முதியோருக்கு வெறும் தண்ணீரோ தேநீரோ கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் ஒரு மாவைக் கலந்து கூழ்போலக் கெட்டியாக்கிக் கொடுப்பார்கள். அன்று முதல் அந்தத் தாத்தாவுக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்பதுதான் காலையில் வாசித்த உத்தரவு. மத்தியானம் மூன்று மணிக்கு வெண்ணிலா எப்போதும்போல் அவருடைய கோப்பையில் பச்சைத் தேநீர் எடுத்துப் போனாள்.

"அவருக்கு டீன்னா அப்பிடி உசுரு சார். மூணு மணி ஆச்சுன்னா வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ரெண்டு மொடக்கு குடிச்சாரு. பொரையேறிடுச்சு. நம்ம ஊர்ல பொரையேறுனா தலையில தட்டுவோம்ல. எனக்குக் கையே ஓடல. மூஞ்சி நீலமா ஆயிடுச்சு. பெல்லை அடிச்சேன்."

அவர் பிழைத்தார். நுரையீரலில் சளி கட்டிப் பல வாரம் மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்தபோது மூக்கில் குழாய் இருந்தது. அதன் பிறகு அவர் வாயால் எதுவும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு வாசலைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை என்றாள் வெண்ணிலா. அதைப் பார்க்க முடியாமல்தான் வேலையை விட்டிருக்கிறாள்.

"யாரும் திட்டல சார். ரிப்போர்ட் எழுதச் சொன்னாங்க. எனக்கு எழுதத் தெரியல. அவங்களே எழுதி, கீழ என் பேரை எழுதச் சொன்னாங்க. 'உத்தரவு புரிந்ததாக உறுதி கூறிய பிறகும் பின்பற்றவில்லை, கவனக்குறைவு'ன்னு. இங்க வந்து ஆறு மாசம் கழிச்சு அகராதி வெச்சுப் படிச்சப்பதான் என்ன எழுதியிருக்குன்னே தெரிஞ்சுது."

"நான் என்னம்மா செய்யணும்?"

"அந்த ஒரு வரிதான் சார்" என்றாள். "டீ குடுத்தது நான்தான். அத இல்லைன்னு சொல்லல. ஆனா வெளங்கியும் செய்யாம வுட்டேன்னு இருக்கு பாருங்க. அது அந்தத் தாத்தாவோட மகளுக்கும் போயிருக்கு. அவங்க என்னய அப்பிடி நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. அது மாறணும்."

திரும்ப நான் இலவசமாகச் சொல்லித் தருகிறேன், வாரம் இரண்டு நாள் வருகிறேன் என்றேன்.

"வேணாம் சார்" என்றாள். "நானே படிச்சுக்கிட்டு இருக்கேன். போன்ல பாடம் வருது, ஒரு புஸ்தகம் இருக்கு. வெளங்கலைன்னா நிறுத்தித் திரும்பப் போட்டுக் கேக்கலாம். அது கோச்சுக்காது."

காளியம்மாள் "ஏய்" என்று அதட்டினார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்து ஜப்பானிய மொழியில் மூன்று பக்கம் கையால் எழுதினேன். அந்த மொழிக் கடிதங்கள் பருவத்தைப் பற்றிய ஓரிரு நல்ல வார்த்தைகளுடன் தொடங்க வேண்டும். அந்த மரியாதைக்கு எனக்கு உரிமை இல்லை என்று நினைத்து நேராகத் தொடங்கினேன். ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதியது பொய். புரியாதபோது புரிந்தது என்று சொல்ல இந்தப் பெண்ணைப் பழக்கியது நான். அதற்கு முன் அவள் புரியும்வரை கேட்கிறவளாக இருந்தாள். அதற்காக அவளைத் தண்டித்தேன். அறுபது கேள்வி நோட்டின் கடைசிப் பக்கத்தையும் மொழிபெயர்த்து இணைத்தேன். அனுப்பும் முன் வெண்ணிலாவுக்குத் தொலைபேசியில் முழுக்கப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில், "'தண்டித்தேன்'னு போட்டுருக்கீங்களே, நிக்க வெச்சேன்னு போடுங்க, அதுதானே நடந்துச்சு" என்றாள். மாற்றினேன்.

தபாலில் சேர்த்த பிறகு செல்வத்திடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல சார்."

"கேட்டா அனுப்ப வுட்டிருக்க மாட்டீங்க."

"ஆமா, வுட்டிருக்க மாட்டேன்" என்றார். நான் அடுத்த நாளிலிருந்து மையத்துக்குப் போகவில்லை.

என் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன். கடிதம் போய்ச் சேர்ந்ததும் அந்த இல்லம் எங்கள் மையத்திலிருந்து தேர்வாகியிருந்த நான்கு பெண்களின் நியமனத்தை நிறுத்தி வைத்தது. எல்லோரையும் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. நான்கில் ஒரு பெண்ணின் அப்பா, ஒரத்தநாட்டுக்காரர், என் வீட்டுக்கு வந்து தெருவிலேயே நின்று கேட்டார்:

"சார், நீங்க நல்லவரா ஆகுறதுக்கு எம்பொண்ணுதான் கெடைச்சுதா?"

உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. அந்த நான்கு பேரையும் என் வீட்டுக்கு வரச் சொல்லி, அடியிலிருந்து மறுபடி கற்பிக்கிறேன் என்று தகவல் அனுப்பினேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பிறகு தேர்வாகிப் போனாள். ஒரத்தநாட்டுப் பெண் வரவில்லை. இப்போது பட்டுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்வி.

இல்லத்திலிருந்து பதில் வர வெகு நாளாயிற்று. இல்லத் தலைவியான அம்மையார் கையால் எழுதியிருந்தார், என் பெயருக்கு. பிரித்துப் படித்தேன். அறிக்கையில் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். 'உத்தரவு ஊழியருக்குப் புரிந்ததா என்பதை இல்லம் உறுதி செய்யத் தவறியது' என்று மாற்றியிருந்தார்கள். திருத்திய அறிக்கையை முதியவரின் மகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம். அந்த முதியவர் குளிர்காலத்தில் காலமானார், மகள் அருகில் இருந்தார். அதற்குக் கீழே, வெண்ணிலா திரும்ப வர விரும்பினால் எங்களுக்கு அவரே நேரடியாக எழுதட்டும் என்று இருந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். மகிழ்ச்சியான செய்தியைக் கொண்டு போகிறோம் என்றுதான் நினைத்தேன். அந்த நடு வாக்கியத்தை மட்டும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். பாவம், எதற்கு அவளுக்கு அந்த பாரம் என்று. முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் இடைவெளி தெரியாமல் எப்படி இணைத்துச் சொல்வது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை.

வீட்டுக்குள் போய், "அந்த வரியை மாத்திட்டாங்கம்மா" என்றேன். காளியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கடிதத்தைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "படிக்கிறேன், கேளு" என்றேன்.

வெண்ணிலா கையை நீட்டினாள். "குடுங்க சார். நானே படிக்கிறேன்."

"கையெழுத்து கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா."

"மெதுவா படிக்கிறேன்."

கொடுக்காமல் இருக்க எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. கொடுத்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் போனையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டாள். தெரியாத எழுத்து வந்தால் விரலால் போனில் வரைந்து தேடினாள். கிடைத்த உச்சரிப்பை எழுத்துக்கு மேல் பொடியாக எழுதினாள். முதல் பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. மாற்றிய வரி வந்தபோது அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்து, அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். காளியம்மாள் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் பக்கம். பென்சில் ஓரிடத்தில் நின்றது. அந்த எழுத்தை அவள் போனில் தேடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். மாதத்துக்கு ஒருமுறையாவது அறிவிப்புப் பலகையில் வரும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்க படிச்சிருந்தா இத எனக்குச் சொல்லியிருப்பீங்களா?"

அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"சொல்லியிருக்க மாட்டேன்மா. பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டேன்."

"எனக்குத் தாங்காதுன்னா?"

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்ததுபோல் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு எழுந்து போய், சுவரோரம் இருந்த சாமி படங்களுக்கு முன்னால் சிறிது நேரம் நின்றாள். அந்த முதியவரின் பெயரை, அவர்கள் மரியாதையாகச் சொல்லும் விதத்தில், மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்து அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தாள். "சாப்புட்டுப் போங்க சார்" என்றார் காளியம்மாள். சாப்பிட்டேன். நான் கை கழுவும்வரை அவள் கடைசிப் பத்தியை முடித்திருக்கவில்லை.

இல்லத்துக்கு அவளே பதில் எழுதினாள் என்று பிறகு தெரிந்தது. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் அனுப்புவாள் என்று சில வாரம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. போன சித்திரையில் காளியம்மாள் தொலைபேசியில் அழைத்து, "அவ போயி ரெண்டு மாசம் ஆவுது சார். அங்க இப்ப அவளுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்களாம், எதச் சொன்னாலும் நிறுத்தி நிறுத்திக் கேக்குறாளாம். சொல்லிச் சிரிச்சா" என்றார்.

"என்னைப் பத்தி ஏதும் கேட்டாளாம்மா?" என்றேன்.

காளியம்மாள் கொஞ்சம் தயங்கினார்.

"இல்ல சார்" என்றார். "கேக்கல."